கள்ளுக்காடி

கொடியில் ஒரு மல்துணி காய்ந்துகொண்டிருந்தது. எத்தனை வெளுத்தாலும் போகாத சிவப்பு அதில். என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, அதாவது என் ஓரகத்தி, அதைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஆடு அறுத்தாப்புல இருக்குது, எடு அதை" என்றாள். அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதலாமென்று யோசித்துப் பார்த்தேன். வரவில்லை. வராததை வலிய வரவழைப்பானேன்?

ஏற்காட்டு மலையடிவாரத்தில், கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்கள் வீடு. கிணற்றுக்குப் பின்னால் நான் போட்ட சீமைத்தக்காளி அந்த வருடம் செடி தாங்காமல் காய்த்தது. என் அப்பா மலைமேல் ஒரு துரை பங்களாவில் பட்லர். சாஸ் காய்ச்சும் பக்குவம் அவரிடம் கற்றது. பழத்தை வெந்நீரில் போட்டுத் தோலுரித்து, வெங்காயம், பூண்டு, மிளகாய் வற்றலோடு வேகவைத்து, மல்துணியில் பிழிந்து, மறுபடி அடுப்பேற்றி, கரண்டியில் ஒட்டி நிற்கும்வரை கிண்ட வேண்டும். கடைசியில் சர்க்கரையும் உப்பும் காடியும். காடி என்றால் மாட்டுக்கு வைப்பதல்ல. கள்ளை மாதக்கணக்கில் புளிக்கவிட்டு எடுப்பது, துரைமார் வினிகர் என்பார்கள். அது இல்லாவிட்டால் சாஸ் நாலே நாளில் பூத்துப்போகும். பங்களாக்காரர்கள் கிறிஸ்துமஸுக்கு இரண்டு டஜன் பாட்டில் கேட்டிருந்தார்கள். பிடித்துப்போனால் வருடம் முழுக்க வாங்குவார்கள். நாங்களும் தனிக்குடித்தனம் போய்விடலாம். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. நான் போய்விட்டால் அவளுக்குத் தண்ணீர் இறைப்பது யார்?

மதுவிலக்கு வந்த புதிது அது. கள்ளுக்கடைகளை மூடிவிட்டார்கள். என்னிடம் இருந்தது அதற்கு முன்பே வைத்த ஒரு பானைக் காடி. அதைக் குதிருக்குப் பின்னால் வைத்திருந்தது என்னையும் அவளையும் தவிர யாருக்கும் தெரியாது.

ஒரு நாள் காலையில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். எங்கும் தேடவில்லை, நேராகக் குதிரண்டை போனார்கள். "என்னய்யா இது?" என் வீட்டுக்காரர் பொய் சொல்லத் தெரியாதவர். "கள்ளுக்காடிங்க" என்றார். அந்த வார்த்தையின் பின்பாதி அவர்கள் காதில் ஏறவே இல்லை. "சாமி, மோந்து பாருங்க, வெறும் புளிப்புங்க, வாயில வைக்க முடியாதுங்க" என்று நான் கெஞ்சினேன். சாஸ் ஊற்றி வைத்திருந்ததோ பங்களாவிலிருந்து வந்த காலி பிராந்தி பாட்டில்களில். கேட்கவா வேண்டும்? அத்தனையையும் கிணற்றடிக் கல்லில் அடித்து உடைத்தார்கள். காடிப் பானையையும் வீட்டுக்காரரையும் கொண்டுபோனார்கள். ஸ்டேஷனில் யாரோ நக்கிப் பார்த்து, காடிதான் என்று தெரிந்து, இரண்டு நாள் கழித்து அனுப்பினார்கள். போலீஸ் நுழைந்த வீட்டுச் சரக்கு வேண்டாமென்று பங்களாவிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். தனிக்குடித்தனப் பேச்சை அதன்பின் அவர் எடுக்கவே இல்லை.

பூசையில் நன்மை, அதாவது சாமியார் தரும் அப்பம், வாங்குமுன் செய்த பாவத்தை அவரிடம் சொல்லி மன்னிப்புப் பெறவேண்டும். கிறிஸ்துமஸுக்கு முன்பு அவள் அந்தப் பாவசங்கீர்த்தனம் செய்யக் கோவிலுக்குப் போனாள். திரும்பியதும் அடுப்படிக்கு வந்து நின்றாள். "போலீசுக்குச் சொன்னது நாந்தான். உங்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் நன்மை வாங்கோணும்னு சாமியார் சொல்லிப்போட்டாரு. மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லு கண்ணு." குரலில் வருத்தம் துளியும் இல்லை. இரவல் கொடுத்த முறத்தைத் திருப்பிக் கேட்பதுபோல் கேட்டாள்.

"சொல்லமாட்டேனுங்க அக்கா" என்றேன். மரியாதை குறையக்கூடாது பாருங்கள்.

கிறிஸ்துமஸ் காலைப் பூசையில் நன்மை வாங்கக் கோவிலே எழுந்து போனது. பெண்கள் பக்கம் பாயில் அவள் மட்டும் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நான். பகையை வைத்துக்கொண்டு நன்மை வாங்கக்கூடாது என்பது எனக்கும் சேர்த்துத்தானே? ஆனாலும் அவள் முகத்தை ஊர் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் எனக்குச் சந்தோஷம்தான். மறைக்கமாட்டேன்.

அடுத்த வாரமே அவள் சேலத்துக்கு வண்டி கட்டிப் போனாள். அங்கே வேறொரு சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால் போய் நன்மை வாங்கினாள். சாகும்வரை ஒரு ஞாயிறும் விடாமல் வாங்கினாள். அவள் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. நான் இன்னும் அவளை மன்னிக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் எல்லோரும் எழுந்துபோக, நான் மட்டும் பாயில் உட்கார்ந்திருக்கிறேன்.