பாறையில் பறந்த கறுப்புத் துணி

முல்லைத்தீவில் ஸ்ரூடியோ வைத்திருந்த காலத்தில் கலியாணப் படம் எடுப்பதுதான் என் பிழைப்பு. மாப்பிள்ளைமாரின் விறைத்த கழுத்துகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு வெறுப்பே வந்துவிட்டது. அதனால், கொக்கிளாய்க்கு அப்பால் கறுப்பு மணல் அள்ளும் ஆலையின் என்ஜினியர், "ஆலையும் கடலும் ஒரே படத்தில வரவேணும், ஏலுமோ?" என்று கேட்டபோது கூலிகூடப் பேசாமல் ஓம் என்றேன்.

விடிந்ததும் மரக் கமராவைச் சுமந்துகொண்டு கரையோரப் பாறையில் ஏறினேன். காலடியில் அலை மோதி உடையும் பாறைகள், அப்பால் கரேலென்ற மணற்கரை, அதன்மேல் புகை கக்கும் ஆலை, வெளியே கடலில் மணலுக்காகக் காத்து நின்ற கப்பல். எது கடவுள் செய்தது, எது மனிதன் செய்தது என்று பிரித்துப் பார்க்க மனம் வரவில்லை.

உச்சியில் ஒருவர் குந்தியிருந்தார். கரையில் நின்றே வலை இழுக்கும் கரைவலைக்காரருக்கு மீன் கூட்டம் பார்த்துச் சொல்பவர். கூட்டம் தெரிந்தால் துணியை வீசிக் காட்டுவார். கீழே காத்திருக்கும் வள்ளம் உடனே வலை வளைக்கப் புறப்படும்.

"அண்ணை, படத்துக்குள்ள நிக்கிறியள். கொஞ்சம் இறங்கி நில்லுங்கோ."

"கெதியா எடுங்கோ தம்பி," என்று முணுமுணுத்தபடி இறங்கினார்.

கமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தேன். கண்ணாடியில் எல்லாம் தலைகீழ்: மேலே கடல், கீழே வானம், அதற்குள் வழிந்திறங்கும் ஆலைப் புகை. அந்த அழகில் மெய்மறந்து நின்றபோது காற்று துணியைப் பிடுங்கியது. பாய்ந்து பிடித்து உதறினேன்.

வள்ளம் புறப்பட்டுவிட்டது.

"ஆர் துணி காட்டினது?" என்று வலைச் சொந்தக்காரி கீழே கத்தினார். கணவனை இழந்தவர். பல நாளாக அவருடைய வலை வெறுமையாகவே வந்துகொண்டிருந்தது. ஒருதரம் வலை விட்டால் அவர் முறை முடிந்தது. மற்ற வலைக்காரர் எல்லோரும் விட்ட பிறகுதான் இனி அவருக்கு. ஓடிப்போய் நடந்ததைச் சொன்னேன்.

"விட்ட வலையை இனி என்ன செய்யிறது? நிண்டு பாக்காமல் கயித்தைப் பிடியுங்கோ!"

இழுத்தோம். இரவு வேலை முடிந்து வந்த ஆலைத் தொழிலாளரும் மணல் அப்பிய கைகளோடு சேர்ந்துகொண்டார்கள். வெயில் ஏறியது, கயிறும் கனத்தது. பாசியாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். மீன் சேரும் வலையின் மடி கரை தொட்டபோது அந்தக் கறுப்பு மணல் முழுவதும் வெள்ளியாகத் துடித்தது. அவ்வளவு உயரத்தில் நின்று கடல் முழுவதையும் பார்த்துவிட்டதாக நினைத்தேனே, இதில் ஒன்றைக்கூட நான் காணவில்லை. கமரா மேலே பாறையில் நின்றது. அதன் நினைப்பே எனக்கு வரவில்லை.

அதுவரை கண் கலங்காத அந்த அம்மா, மீனைக் கண்டதும் அப்படியே மணலில் குந்தியிருந்து அழுதார்.

"இண்டைக்கும் வெறும் வலை வந்தால், வித்துப்போட்டுப் போயிடுவம் எண்டுதான் வந்தனான், தம்பி."