டைமிங் டில்லியும் இரண்டு கோடுகளும்

திருமழிசையில் தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில் டில்லிபாபு என்று விசாரித்தால் நாலு பேரைக் காட்டுவார்கள். டைமிங் டில்லி என்று விசாரித்தால் ஒரே ஆளைத்தான் காட்டுவார்கள். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, பஞ்சர் கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் நடுவில், தகரக் கூரை போட்ட பட்டறை. இந்தப் பக்கம் பைக் மெக்கானிக்குகளுக்குப் பஞ்சமே கிடையாது. ஆயில் மாற்றுவார்கள், பிரேக் பார்ப்பார்கள், கார்பரேட்டரை ஊதிவிட்டு என்னவோ கண்டுபிடித்த மாதிரி தலையாட்டுவார்கள். இஞ்சினைப் பிரித்துத் திரும்ப மாட்ட வேண்டும் என்றால் மட்டும் பாதிப் பேருக்குக் கை உதறும். உதறுகிறவர்கள் எல்லாரும் வண்டியை இங்கே தள்ளிக்கொண்டு வந்து, "டைமிங் செயின மட்டும் நீயே மாட்டிக் குட்துடு அண்ணாத்தே" என்பார்கள். அந்தப் பெருமையில் மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், சும்மா வந்த பெயர் இல்லை அது.

பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. பிஸ்டன் ஏறி இறங்குவதற்குத் தோதாக வால்வுகளைத் திறந்து மூடுவது மேலே இருக்கும் கேம் தண்டு. அதைக் கீழே சுற்றும் தண்டோடு பிணைப்பது ஒரு சின்னச் செயின். அதைச் சரியாக மாட்டுவதற்குப் பெயர்தான் டைமிங். அதற்கு, இடது பக்க மூடியில் இருக்கும் ஓட்டை வழியாக உள்ளே பார்த்துக்கொண்டே, கீழ்த் தண்டின் முனையில் இருக்கும் மேக்னட் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். முதலில் F என்று எழுதிய கோடு வரும். அது பிளக்கில் பொறி விழும் இடம். அதை விட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் திருப்பினால் T என்று எழுதிய கோடு வரும். பிஸ்டன் உச்சியில் நிற்பது அங்கேதான். அங்கே நிறுத்தி, மேலே கேம் சக்கரத்தில் இருக்கும் கோட்டையும் நேராக்கி, செயினை மாட்டிவிட வேண்டும். ஒரு பல் தள்ளிப் போனாலும் இஞ்சின் ஓடத்தான் செய்யும். ஆனால் இழுக்காது, கொதிக்கும், நட்டநடு ரோட்டில் நின்றுவிடும்.

இப்படி ஆயிரம் இஞ்சின் மாட்டிய மனிதருக்கு இந்த வருஷம் மழைக்கு முன்னால் கண்ணில் ஏதோ நிழல் ஆடியது. நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு கறை, ஓரமாகப் பார்த்தால் தெரியும். சர்க்கரை கண்ணுக்குப் போயிருக்கிறது, கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், மேற்கொண்டு கெடாமல் தடுக்கலாம், போன பார்வை முழுசாக வருமா என்று சொல்ல முடியாது என்றார் அம்பத்தூர்க் கண் டாக்டர். கண்ணுக்குள் ஊசி என்றதும் டில்லிபாபு எழுந்து வந்தவர்தான், அந்தப் பக்கம் மறுபடி தலைவைத்துப் படுக்கவில்லை. தொழிற்பேட்டையில் பேக்கிங் கம்பெனிக்குப் போகும் மனைவி அனுசுயாவிடம், "கண்ணாடி போடச் சொன்னாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பூந்தமல்லி பஸ் நிலையத்து வாசலில் ஒரு கண்ணாடியும் வாங்கி மாட்டிக்கொண்டார். அதை மாட்டினால் கறை இன்னும் பெரிதாகத்தான் தெரிந்தது.

ஊசியைவிடப் பெரிய பயம் வேறு இருந்தது. டைமிங் டில்லிக்குக் கண் தெரியவில்லை என்று ஒரு வாய் சொன்னால் போதும், அடுத்த நாளே பட்டறை காலி. அவருக்கு வேறு எந்த வேலையும் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் பிரசன்னாவின் வண்டி வந்தது. செம்பரம்பாக்கத்துப் பக்கம் ஒரு கிடங்கிலிருந்து பார்சல் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போடுகிறவன். வண்டிதான் அவனுக்குச் சோறு. செயின் தேய்ந்து கடகடவென்று சத்தம். டில்லிபாபு புதுச் செயின் போட்டார். ஓட்டையில் தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் பார்த்து, கோடு தெரிந்ததும் நிறுத்தினார். பிளக் ஓட்டையில் ஸ்க்ரூடிரைவர் விட்டுத் தொட்டும் பார்த்தார். பிஸ்டன் மேலேதான் இருந்தது. உச்சிக்குக் கொஞ்சம் முன்னாலும் அது ஏறக்குறைய அதே உயரத்தில்தான் இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்கு அதை நினைத்துப் பார்க்க அவர் விரும்பவில்லை. கேம் சக்கரத்துக் கோடு அரைப் பல் விலகிய மாதிரி இருந்தது. புதுச் செயின், அப்படித்தான் இருக்கும் என்று பக்கத்துப் பல்லில் மாட்டிவிட்டார்.

மறுநாளே பிரசன்னா வந்து நின்றான். "இழுக்கவே மாட்டேங்குது அண்ணாத்தே. மேம்பாலம் ஏற சொல்ல முக்குது."

"லாரி லோடு மாதிரி மூட்டய ஏத்திகினு போனா எந்த வண்டிடா இழுக்கும்?" என்று எகிறினார் டில்லிபாபு.

எகிறினாரே தவிர, திரும்பப் பிரித்தார். அதே தலைச்சாய்ப்பு, அதே ஓரக்கண், அதே கோடு. செயின் டூப்ளிகேட் என்று கடைக்காரனைத் திட்டினார். கார்பரேட்டரைக் கழுவினார். மற்ற மெக்கானிக்குகளை எதற்காகக் கேலி செய்வாரோ அதையே தானும் செய்தார்: அதை ஊதிப் பார்த்துத் தலையாட்டினார்.

இரண்டு நாள் கழித்து பிரசன்னா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். சட்டை முழங்கையில் கிழிந்து, தோல் உரிந்து ரத்தம் காய்ந்திருந்தது. ஹைவேஸில் லாரிக்கு முன்னால் வண்டி பொசுக்கென்று நின்றுவிட்டதாம்.

"லாரி டிரைவர் ஸ்டீரிங்க ஒடிச்சிட்டான் அண்ணாத்தே. இல்லாங்காட்டி இந்நேரம் என்ன வாரி எட்துகினு போயிருப்பாங்க." அவன் குரலில் கோபமே இல்லை. "வேற எவனாச்சும் மாட்டியிருந்தா சட்டயப் புட்ச்சிருப்பேன். நீ மாட்டுனது. வேற ஏதோ கோளாறு கீது, பாரு."

சட்டையைப் பிடித்திருந்தால் தேவலை என்று தோன்றியது டில்லிபாபுவுக்கு. "ஊட்டுக்குப் போயி மருந்து போட்டுக்க, நாளைக்கு வா" என்று அவனை அனுப்பிவிட்டு, வண்டிக்கு முன்னால் குந்தினார். பிறகு மூன்றாவது தடவையாக இஞ்சினைத் திறந்தார். சக்கரத்தைத் திருப்பினார். கோடு வந்தது, நிறுத்தினார். கோடு தெரிகிறது. பக்கத்தில் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கறை மட்டும் இருந்தது. தலையை எப்படித் திருப்பினாலும் கறையும் கூடவே திரும்பியது.

வெயில் தாழ்ந்து, ஷிஃப்ட் முடிந்து அனுசுயா பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள். அவரும் கூடவே வீட்டுக்குக் கிளம்புவார் என்று சாலையைக் கடந்து பட்டறைக்கு வந்தாள்.

"அனுசு, இங்க வா. இந்த ஓட்டையில பாரு. கோட்டாண்ட இன்னா எழுத்து கீது?"

"இன்னாய்யா புதுசா கீது? நான் இன்னாத்தக் கண்டேன்?" என்று முனகிக்கொண்டே சேலையைச் சுருட்டிக்கொண்டு குனிந்தாள். "F."

"நல்லா பாத்து சொல்லுமே."

"இதுல இன்னா நல்லா பாக்கறது? கொட்ட எழுத்துல எழுதிக் கீது. F." அவள் நிமிர்ந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கையில் கண்ணாடி இருந்தது, போடவில்லை. "உனக்குத் தெரியலியா?"

டில்லிபாபு கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டார்.

"அன்னிக்கு பஸ்ஸு நம்பர் கேட்டியே, அதான்? சோத்துல கல்லு கெடந்துச்சே, அதுவும் அதான்?" அவள் குரல் ஏறியது. "டாக்டர் இன்னாய்யா சொன்னாரு? நெசத்தச் சொல்லு."

சொன்னார். ஊசியைச் சொன்னார், போனது முழுசாக வருமா என்று தெரியாது என்பதைச் சொன்னார். அனுசுயா அழுதாள், திட்டினாள், மறுபடி அழுதாள். பிரியாணிக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். கடைசியில் அவளே முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஓட்டையிடம் குனிந்தாள். "திருப்பு. இன்னா எழுத்து வரணும்?"

"T."

அவர் திருப்பினார். அவள் நிறுத்தச் சொன்னாள். மேலே கேம் சக்கரத்துக் கோட்டையும் அவளே பார்த்துச் சொன்னாள். ஒரு பல் தள்ளிக் கிடந்த செயினை எடுத்துச் சரியான பல்லில் மாட்டினார். அந்த வேலைக்கு அவருக்குக் கண் தேவைப்படவில்லை. மூடி, பூட்டி, ஒரு உதை உதைத்ததும் இஞ்சின் பிடித்துக்கொண்டது.

மறுநாள் காலை பிரசன்னா சாலையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தான். "சொல்லல? உன் கை பட்டா சரியாப் பூடும்னு. பறக்குது அண்ணாத்தே. இனிமே எவன்கிட்டயும் போவ மாட்டேன்."

சிரித்துத் தலையாட்டினால் போதும், பெயர் அப்படியே இருந்திருக்கும். டில்லிபாபுவும் தலையாட்டத்தான் நினைத்தார். அவன் முழங்கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி, அந்த வெள்ளை மட்டும், ஓரக்கண்ணில் நன்றாகத் தெரிந்தது.

"வேற கோளாறு ஒண்ணும் இல்ல பிரசன்னா. நான்தான் ரெண்டு வாட்டியும் தப்பா மாட்டிட்டேன். எனக்குக் கண்ணு தெரியல."

பிரசன்னா சிரித்தான். பிறகு நிறுத்தினான். அவர் முகத்தைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான்.

"அப்ப இது? இத யாரு மாட்டுனது?"

"நான்தான். எங்கூட்டுக்காரி பாத்து சொன்னா."

"அவங்களுக்கு வேல தெரியுமா?"

"எழுத்து தெரியும்."

அவன் ஹெல்மெட்டை மெதுவாக மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தான். தினமும் சீறிக்கொண்டு போகிறவன், முதல் கியரை மாற்றாமல், ஒரு காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே, சாலையின் ஓரத்தில் ஊர்ந்து போனான். இஞ்சின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எங்கும் தட்டல் இல்லை, முக்கல் இல்லை. டைமிங் அச்சாகப் பொருந்தியிருந்தது. பயப்படாமல் போடா என்று கூப்பிட்டுச் சொல்ல டில்லிபாபு வாயைத் திறந்தார். அவன் நம்பமாட்டான் என்று தெரிந்ததால் மூடிக்கொண்டார்.