எலும்புக்கு ஒரு விதி, கோபத்துக்கு ஒரு விதி

திண்டுக்கல்லில் ஒரு எலும்பு முறிவு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. பதினாறு வருஷமாக உடைந்த கைகளையும் கால்களையும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால் என் கொழுந்தன் ஓசூரிலிருந்து கொண்டுவந்த விளையாட்டுப் புத்தகத்தை முதலில் புரட்டியபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அதில் ஒரு வீரனுக்கு நாற்பது உயிர்ப்புள்ளி. கோடாலியால் ஒரு வெட்டு விழுந்தால் ஆறு குறையும். அப்படியென்றால் ஆறு வெட்டு வாங்கிய பிறகும் அந்த ஆள் நின்று சண்டை போடுவான். ஒரே ஒரு வெட்டு வாங்கியவர்கள் எங்கள் ஆஸ்பத்திரிக்கு எப்படி வந்து சேர்கிறார்கள் என்று அந்தப் புத்தகம் எழுதினவர் பார்த்ததில்லை போலிருக்கிறது.

விளையாட்டு பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, அந்தப் பாத்திரம் என்ன பேசும், என்ன செய்யும் என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் பகடையை உருட்டிப் பார்க்க வேண்டும். கொழுந்தன் ஓசூர்க் கம்பெனியில் வேலை பார்த்தபோது உடன் தங்கியிருந்தவர்களிடம் கற்றுக்கொண்டது. வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊரான எரியோட்டுக்குத் திரும்பி முருங்கை போட்டபோது, புத்தகமும் ஒரு பை நிறையப் பகடைகளும் அவனோடு வந்தன.

நாங்கள் நான்கு பேர். கதை சொல்வது நான். வாய் நீளம் என்பதால் அந்தப் பொறுப்பு எனக்குத் தானாக வந்தது. ஆடுபவர்கள் மூன்று பேர்: மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர், அவருடைய ஒரே தம்பியான என் கொழுந்தன், பிசியோதெரபி பார்க்கும் என் தோழி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தோழியின் கிளினிக் பூட்டியிருக்கும். நோயாளிகளைப் படுக்க வைக்கும் கட்டில்தான் எங்கள் மேஜை. இடுப்பு வலிக்காரர்கள் படுக்கும் இடத்தில் நாங்கள் குதிரைப் படைகளை நிறுத்தினோம்.

வெட்டுக் காயத்துக்கு நானே விதி எழுதினேன். உயிர்ப்புள்ளியெல்லாம் கிடையாது. அடி எந்த இடத்தில் விழுந்தது என்று பகடை சொல்லும். கையில் விழுந்தால் ஆயுதம் கீழே விழும், அதைக் குனிந்து எடுக்க அந்தக் கை வராது. எலும்பு முறிந்தால் கதைக்குள் ஆறு வாரம் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். தோழி தன் பங்குக்கு மூச்சு விதி சேர்த்தாள். எப்பேர்ப்பட்ட சண்டியராக இருந்தாலும் மூன்று சுற்றுக்கு மேல் தொடர்ந்து அடிக்க முடியாது, நான்காவது சுற்றில் நின்று மூச்சு வாங்க வேண்டும். தெருச் சண்டை பார்த்திருப்பவர்களுக்கு இது தெரியும். முக்கால்வாசி நேரம் சட்டையைப் பிடித்துக்கொண்டு மூச்சுதான் வாங்குவார்கள்.

இந்த விதிகள் வந்த பிறகு யாரும் சண்டை போடவில்லை. ஒரு மாதம் முழுக்க ஒரு கம்புகூட ஓங்கப்படவில்லை. என் வீட்டுக்காரரின் பாத்திரம் ஒரு காவல்காரன், ஆறடி உயரம், முறுக்கு மீசை. அந்தக் காவல்காரன் வழிப்பறிக்காரர்களிடம் வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்துவிட்டு ஒதுங்கிப் போனான். கதை சப்பென்று ஆகிவிட்டது. அடிபட்டால் என்ன ஆகும் என்று எழுதிவிட்டேன், அது தெரிந்தும் மனுஷன் ஏன் சண்டைக்குப் போகிறான் என்று எழுதவில்லை. அதற்கும் ஒரு விதி வேண்டியிருந்தது.

ஆளுக்கு ஒரு சீட்டுக் கொடுத்தேன். எலும்பு முறியும் என்று தெரிந்தும் உன் பாத்திரம் எதற்காகச் சண்டைக்கு நிற்கும், ஒரு வரியில் எழுது என்றேன். மூன்று சீட்டிலும் 'மானம்' என்று இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. எக்ஸ்ரே அறைக்கு வருகிறவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். என்னப்பா சண்டை என்று கேட்டால் மானப் பிரச்சினை என்பார்கள். தோண்டிக் கேட்டால் டீக்கடையில் நாலு பேர் பார்த்திருப்பார்கள். அந்த நாலு பேர் இல்லாவிட்டால் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

அதனால் விதியைத் திருத்தினேன். காரணத்தோடு 'யார் முன்னால்' என்பதையும் எழுத வேண்டும். அந்த ஆட்கள் அங்கே இருந்தால் பகடையில் ஐந்து கூடும், இல்லாவிட்டால் ஒன்றும் கூடாது. பார்க்க யாருமே இல்லாத இடத்திலும் மாறாத காரணம் ஒருவனுக்கு இருந்தால் பத்து. சண்டைக்கு வந்தவனை எதிர்க்காமல் சும்மா நிற்பவனும் சீட்டைக் காட்ட வேண்டும். சும்மா நிற்கவும் காரணம் வேண்டும் அல்லவா. மறுபடியும் எழுதி மடித்துக் கொடுத்தார்கள். சண்டை வரும்வரை பிரிக்கக் கூடாது என்று ஒரு மருந்து டப்பாவில் போட்டு வைத்தேன். கதை சூடு பிடித்தது. தோழியின் பாத்திரம் இரண்டு முறை சண்டை போட்டு இரண்டு முறையும் முழங்கால் போனது.

இதற்கிடையில் வீட்டில் ஒரு நிஜமான சண்டை வந்தது. எரியோட்டுத் தோட்டத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே கிணறு. ஒருவர் முறை ஒரு நாள், மற்றவர் முறை மறுநாள். எங்கள் பங்கைக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். மோட்டார் சத்தம் மாறியிருக்கிறது என்று என் வீட்டுக்காரர் ஒருநாள் அதைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டார், காயில் கட்டத்தான். அன்றைக்குத் தம்பி முறை. அவனைக் கேட்கவில்லை. வாய்த்தகராறு ஆகி, அன்றோடு பேச்சு நின்றுபோனது. எங்கள் வீட்டுப் படியேறுவதையும் அவன் நிறுத்திவிட்டான்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டை நிறுத்தவில்லை. கிளினிக் பொது இடம், யார் வீடும் இல்லை. வண்டியில் வருவான், தண்ணீர்கூட வீட்டிலிருந்து கொண்டுவருவான். அவன் பாத்திரம் ஒரு மாட்டு வியாபாரி. காவல்காரனும் மாட்டு வியாபாரியும் பாதை பேசுவார்கள், சந்தை விலை பேசுவார்கள், ஒருவரை ஒருவர் கிண்டல்கூடச் செய்வார்கள். பகடையை எடுத்து வைத்ததும் அண்ணனும் தம்பியும் ஆளுக்கு ஒரு பக்கம் போய்விடுவார்கள். ஒன்றரை வருஷம் இப்படிப் போனது. இருப்பது இரண்டே பிள்ளைகள், அப்பா அம்மா இரண்டு பேரும் போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார், ஆனால் பொங்கலுக்குத் தம்பி வராத அன்று ஒரு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. இவர்களைப் பேச வைத்தே தீர வேண்டும் என்று எனக்கு ஆகிவிட்டது.

கதை என் கையில்தானே இருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு கதைக்குள் ஒரு பஞ்சத்தைக் கொண்டுவந்தேன். பொட்டல் நடுவே ஒரே கிணறு. அதற்குக் காவல் காவல்காரன். நாற்பது மாடுகளோடு தாகத்தில் வந்து நிற்கிறான் மாட்டு வியாபாரி. பேரம் பேசுவார்கள், முறை வைத்துக்கொள்வார்கள், பேசி முடித்ததும் அட, இம்புட்டுத்தானா என்று இரண்டு பேருக்கும் உறைக்கும். அதுதான் என் திட்டம். என் புத்தி அவ்வளவுதான் போனது.

பேரம் நன்றாகத்தான் போனது. காலையில் மாடுகள், சாயங்காலம் ஊர் என்று முடிவாகும் நேரத்தில், வியாபாரி காவல்காரனை அடிக்கப் போகிறான் என்றான் கொழுந்தன். தோழி சிரித்தாள். நான் டப்பாவைத் திறந்து அவன் சீட்டை எடுத்துக் கொடுத்தேன். அவனே பிரித்து, தலை நிமிராமல் வாசித்தான்.

"எங்கம்மா மொகத்தைப் பாக்க விடாம எரிச்சவனை விடமாட்டேன். யார் முன்னால? யாரும் வேண்டாம்."

மோட்டார்ச் சண்டைக்கும் முன்னால் எழுதின சீட்டு அது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாகிவிட்டது. தோழியின் சிரிப்பு நின்றுபோனது.

மாமியார் இறந்து அப்போது நான்கு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்து வழக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அப்பாவுக்குக் கொள்ளி வைப்பது மூத்தவன், அம்மாவுக்கு இளையவன். மாமியார் விடிகாலையில் போனார். ஓசூரிலிருந்து கிளம்பிய கொழுந்தன் சேலத்துப் பக்கம் மறியலில் மாட்டிக்கொண்டான். சாயங்காலம் கரூரிலிருந்து போன் பண்ணி, இன்னும் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவேன் என்றான். அவன் வருவதற்குள் எடுத்துவிட்டார்கள். தம்பி வைக்க வேண்டிய கொள்ளியை அண்ணன் வைத்தார். தம்பி நேராகச் சுடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது தீ பிடித்துவிட்டிருந்தது. பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை, நான் வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தேன். அங்கே இவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. வருத்தம் இருக்கும், ஆறிப்போயிருக்கும் என்று இருந்துவிட்டேன்.

காவல்காரன் என்ன செய்கிறான் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். கம்பைத் தூக்கவில்லை என்றார். விதிப்படி அவர் சீட்டையும் எடுத்துக் கொடுத்தேன். அவர் வாசிக்கவில்லை. செத்த நேரம் வைத்திருந்துவிட்டு, மடிப்புப் பிரிக்காமலே என் கையில் திருப்பி வைத்தார். நான் பிரித்தேன். 'கொளுத்தச் சொன்னது யார் என்று சாகும்வரை சொல்லமாட்டான்' என்று எழுதியிருந்தது.

யார் என்று யோசித்தேன். மாமாக்கள் யாராவது, ஊர்ப் பெரியவர் யாராவது என்று நினைவு போனது. அப்புறம்தான் மாமியாரைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டி நினைவுக்கு வந்தது. அன்றைக்கு மத்தியானம் முழுக்க கரண்ட் வந்து வந்து போனது. நான்தான் பெட்டிப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். கரூரிலிருந்து போன் வந்ததும் இவர் என்னிடம் வந்து குனிந்து, தாங்குமா என்று கேட்டார். இனித் தாங்காதுங்க, எடுத்துரலாம் என்றேன். ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள் சொன்னால் அவர் மறுபேச்சு பேசமாட்டார். சொல்லிவிட்டு நான் அதை மறந்தும் போனேன். அவர் நான்கு வருஷமாக அந்தப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார், என்னிடம்கூட ஒரு வார்த்தை சொல்லாமல்.

சீட்டை மடித்து டப்பாவில் போட்டிருக்கலாம். ஒரு நிமிஷம் அப்படிச் செய்யத்தான் நினைத்தேன். வெட்கமாக இருந்தது.

"உங்கண்ணன் இல்ல தம்பி. எடுக்கச் சொன்னது நான்தான்."

தோழி டீ வாங்கி வருவதாகச் சொல்லி வெளியே போய்விட்டாள். கொழுந்தன் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. இவளா என்பதுபோலப் பார்த்தான்.

"ஒரு மணி நேரம் தாங்கியிருக்குமா மதினி?"

"விடுறா, முடிஞ்சுபோச்சு" என்றார் என் வீட்டுக்காரர்.

"உன்னைக் கேக்கல. மதினியைத்தான் கேக்குறேன்."

ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது அதுதான். தாங்கியிருக்காது என்று நான் சொன்னால் எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். அவனும் அதைத்தான் கேட்க விரும்பினான் என்று நினைக்கிறேன். ஆனால் போன் வந்த நேரத்தில் கரண்ட் நிலையாக வந்துவிட்டிருந்தது. பெட்டிக் கண்ணாடியில் பனி படர்ந்திருந்ததை என் முந்தானையால் நானே துடைத்துவிட்டேன்.

"தாங்கியிருக்கும்" என்றேன்.

"பெறகு ஏன் அப்படிச் சொன்னீங்க?"

பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும் என்று சொந்தக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். வெயில் காலம். இதையெல்லாம் சொல்லலாம், ஒன்றும் பொய்யில்லை. ஆனால் அவை எதுவும் காரணமில்லை. முந்தின நாள் ராத்திரி டியூட்டி பார்த்துவிட்டு அப்படியே வந்தவள் நான். இரண்டு நாளாகக் கண் மூடவில்லை. ஒப்பாரிச் சத்தத்தில் தலை வெடித்துக்கொண்டிருந்தது.

"முடிஞ்சாப் போதும்னு இருந்துச்சு தம்பி. வீட்டுக்குப் போயி படுக்கணும்னு இருந்துச்சு."

அவன் பகடைகளைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்து, அண்ணனைப் பார்த்து, வாண்ணே போவோம் என்றான். இரண்டு பேரும் ஒரே வண்டியில் போனார்கள். தோழி நான்கு டீயோடு திரும்பி வந்தபோது நான் மட்டும் கட்டில் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு நாங்கள் விளையாடவில்லை. அண்ணனும் தம்பியும் இப்போது நன்றாகப் பேசிக்கொள்கிறார்கள். கிணற்றுக்குப் புது மோட்டார் இறக்கியிருக்கிறார்கள். டவுனுக்கு வந்தால் கொழுந்தன் கடையில் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போகிறான். எனக்கு அதில் நிஜமாகவே சந்தோஷம். நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது.

போன மாதம் மாமியாரின் திதி. எரியோட்டு வீட்டில் விடியலிலிருந்து நின்று நான்தான் சமைத்தேன். கொழுந்தன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான், அண்ணன் பக்கத்தில். நான் சோற்றுப் பாத்திரத்தோடு இரண்டடி தள்ளி நின்றேன். இலை போட்டதும் அவன் தலையைத் திருப்பாமல் அண்ணனிடம், "சோறு வைக்கச் சொல்லுண்ணே" என்றான்.