அளவு நோட்டில் மாத்திரை அட்டை

கழுத்தில் அளவு டேப் தொங்காவிட்டால் தையல் கடை டேப் அக்காவுக்குப் பேச்சே வராது. வக்கீல் ஆபீஸுக்கும் அதோடுதான் போனாள். நாற்காலியில் உட்கார்ந்ததுமே, கோர்ட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்த வக்கீலம்மாவின் கறுப்பு அங்கியில் அவள் கண் விழுந்தது. இடது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. இதைத் தைத்த புண்ணியவான் யாரோ என்று உள்ளுக்குள் திட்டிக்கொண்டாள்.

வந்த விஷயம் அதுவல்ல. மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவள் உண்டானாள். மகள் இதயத்தில் ஓட்டையோடு பிறந்தாள். ஆபரேஷன் ஆகி, ஆறு வயதான அந்தக் குட்டிப் பிசாசு இப்போது தையல் கடைக்குள் ஓடி ஓடி நூல்கண்டுகளை உருட்டிவிடுகிறது. ஆனால் எல்லாம் தன்னால் வந்தது என்ற எண்ணம் மட்டும் டேப் அக்காவை விட்டபாடில்லை. அந்த மாத்திரை வயிற்றுப் பிள்ளையின் இதயத்தைப் பாதிக்கலாம் என்று பத்திரிகையில் செய்தி வந்ததும் அவள் புருஷன்தான் பிடித்துத் தள்ளாத குறையாக இங்கே அனுப்பிவைத்தான்.

"ரெண்டு வழி இருக்கு," என்றார் வக்கீலம்மா. "ஆபத்து தெரிஞ்சும் சொல்லலைன்னு மருந்துக் கம்பெனி மேல கேஸ் போடலாம். சரியா பார்க்காம எழுதிக் கொடுத்தாருன்னு டாக்டர் மேல போடலாம். மாத்திரையாலதான் வந்துச்சுன்னு இன்னொரு டாக்டர் சொல்லணும். அது லேசுல நடக்காது. கேஸ் போடக் கெடுவும் இன்னும் பத்து நாள்தான். முதல்ல, எந்தக் கம்பெனி மாத்திரைன்னு காட்டணும். மருந்துச் சீட்டு இருக்கா?"

சீட்டு இல்லை. மருந்துக் கடையையும் மூடிவிட்டார்கள். பழைய கோப்பு இல்லையென்று ஆஸ்பத்திரியிலும் கையை விரித்துவிட்டார்கள்.

"அட்டை இருக்குங்க," என்று பையிலிருந்து ஒரு தடித்த நோட்டை எடுத்தாள். துணி மாறிப்போகாமல் இருக்க, ஒவ்வொரு ஆர்டர் பக்கத்திலும் ஒரு துண்டுத் துணியைக் குண்டூசியால் குத்தி வைப்பாள். கை சும்மா இருக்குமா? தீர்ந்துபோன மாத்திரை அட்டைகளையும், அதே மாத்திரையைக் கேட்டு வாங்க வசதியாக, அந்தந்த நாள் பக்கத்தில் குத்தியிருந்தாள். கம்பெனிப் பெயர், பேட்ச் எண், தேதி எல்லாம் இருந்தன. யாரோ ஒருவருடைய பேன்ட் இடுப்பளவுக்குக் கீழே அவள் கையெழுத்து: 'பிள்ளை உண்டாகியிருக்குன்னு டாக்டர்கிட்ட சொன்னேன். ஒண்ணும் ஆகாது, சாப்பிடுன்னார்.'

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "இப்படி ஒரு சாட்சியத்தை நான் பார்த்ததே இல்லம்மா!"

"எங்க வீட்டுக்காரர் குப்பைன்னு தூக்கிப் போடப் பார்த்தாருங்க. நல்லவேளை, நான் வச்சிருந்தது அவருக்கு எட்டாத பரண்ல."

படிவம் வந்தது. டேப் அக்கா மடமடவென்று எழுதி நீட்டினாள். படித்துக்கொண்டே வந்த வக்கீலம்மா ஓரிடத்தில் நின்றார். 'யார் மீது புகார்' என்ற கட்டத்தில் டேப் அக்கா தன் பெயரையே எழுதியிருந்தாள்.

"இது உங்க பேராச்சே?"

"ஆறு வருஷமா மனசுல அந்தப் பேருதாங்க ஓடுது. கை தானா எழுதிடுச்சு."

"உடம்புக்கு முடியாமதானே சாப்பிட்டீங்க? அதுவும் கேட்டுட்டுத்தானே? கம்பெனி மேல கேஸ் ஜெயிக்குமான்னு என்னால சொல்ல முடியாது. ஆனா உங்க மேல கேஸ் நிக்காது. அதை இப்பவே சொல்றேன்." வக்கீலம்மா அந்தப் பெயரைப் பேனாவால் அழுத்தி அடித்துவிட்டுப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

புருஷனும் இதை நூறு தடவை சொல்லியிருக்கிறான். அவன் சொல்லி யார் கேட்டது? டேப் அக்கா தேம்பித் தேம்பி அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, அட்டையைப் பார்த்துக் கம்பெனியின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினாள். எழுந்து கழுத்திலிருந்த டேப்பை உருவினாள்.

"மேடம், அந்த அங்கியைக் கொஞ்சம் கழட்டுங்க. அந்தத் தோளு அப்போலேருந்து என் உயிரை வாங்குது."