கிளெமென்ட்டின் பூட்ஸ்

கடையில் ஒவ்வொரு ஜோடி பூட்ஸையும் காலில் போடுவதற்கு முன்னால் கிளெமென்ட் மூக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு கட்டைவிரலால் அழுத்தினார். பொடிசு பொடிசாய்ச் சுருக்கம் விழ வேண்டும். விரலை எடுத்ததும் அது மறைய வேண்டும். ஏழாவது ஜோடியையும் இப்படி அவர் சோதித்தபோது கடைக்காரர் உடையப்பனுக்குப் பொறுக்கவில்லை.

"ஏண்ணே, மாட்டிப் பாப்பீகளா, மோந்துதான் பாப்பீகளா?"

"ரெக்சினுன்னா மண்ணெண்ணெ வாடை அடிக்கும் அப்பு. இது முதுகுத் தோலு. வயித்துத் தோலா இருந்தா ரெண்டே மாசத்துல தொளதொளன்னு ஆயிரும்."

பேகம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாகத் தோல் தரம் பிரிப்பவர் அவர். அத்தனை வருஷமும் ரப்பர் செருப்புதான் போட்டார். அவர் போகிற மாதா கோயிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. செருப்பு வாசலோடு நின்றுவிடும். ஷூ மட்டும் காலோடு உள்ளே வரும். 2002 போனஸில் கணுக்கால் மூடிய பூட்ஸ் வாங்கியதற்கு அதுதான் காரணம் என்பார் மனைவி ஜோஸ்பின். அவர் ஒப்புக்கொண்டதே இல்லை.

வீடு திரும்பியதும் பிரஷ்ஷால் புழுதி தட்டி, ஈரத்துணியால் துடைத்து, உள்ளே பழைய பேப்பரைத் திணித்து நிழலில் வைப்பார். வெயிலே கூடாது. ஒருநாள் போட்டால் மறுநாள் அதற்கு லீவு. ஞாயிற்றுக்கிழமை பழைய பனியன் துணியில் மெழுகு பாலிஷ் தொட்டு வட்டவட்டமாகத் தேய்ப்பார்.

"எனக்குக் காய்ச்சல்னா மாத்திரை கெடக்கான்னு கேக்குற மனுசன், அதுக்கு ஒத்தடம் குடுக்குறதப் பாருங்க!" என்பார் ஜோஸ்பின், தெருவுக்கே கேட்கும்படி.

மறுவருஷம், பெரிய வியாழன் பூசையில் இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல் பாதம் கழுவப்படப்போகும் பன்னிரண்டு பேரின் பட்டியலைப் பங்குச்சாமி வாசித்தார். வாத்தியார்களுக்கும் பூட்டுக்கடைக்காரர்களுக்கும் நடுவில் கிளெமென்ட் பெயர். தோல் ஷாப்பிலிருந்து அந்தப் பன்னிரண்டு நாற்காலிகளில் ஒன்றில் உட்காரப்போகும் முதல் ஆள்.

வீட்டுக்கு வந்ததும் ஜோஸ்பின் ஆரம்பித்தார். "கால மூணு தடவ சோப்புப் போட்டுக் கழுவுங்க. ஷாப்பு வாடை வந்துச்சு, நான் அப்புறம் பூசைக்கே தலகாட்ட முடியாது. பூட்ஸும் வேணாம், வெறுங்காலோட வாங்க."

"ஊரு மூக்கப் பொத்துற தோலு கடைசில என்னாவா ஆகுதுன்னு அதே ஊரு பாக்கட்டும்டீ."

மூன்று நாள் தேய்த்தார். ஆசை மிஞ்சி லேஸுக்கும் மெழுகு தடவினார். நடுவில் அவிழ்ந்து மானம் போகக்கூடாதென்று இரட்டை முடிச்சு வேறு.

வியாழன் மாலை கோயில் புழுக்கத்தில் கால் வீங்கியிருந்தது. பங்குச்சாமி செம்பும் தாம்பாளமுமாக எட்டாவது நாற்காலிக்கு வந்து குனிந்தார். வலது கால் முடிச்சு அசையவில்லை. கிளெமென்ட் நகத்தால் கீறினார், இழுத்தார். அது இன்னும் இறுகியது. பாட்டுக்குழு அதே சரணத்தை மூன்றாம் முறை பாடியது.

"மெதுவா கிளெமென்ட். ஈஸ்டருக்கு இன்னும் மூணு நாள் இருக்கு" என்றார் சாமி.

முன்வரிசை குலுங்கிச் சிரித்தது. "அன்னைக்கே சொன்னேனே!" என்றது பெண்கள் பக்கத்திலிருந்து தெரிந்த குரல்.

பக்கத்து நாற்காலியில் ராயப்பராஜ் சார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். டவுன் பஸ்ஸில் கிளெமென்ட் அருகே உட்கார்ந்தால் மூக்கில் கைக்குட்டையை வைப்பவர். அவர் எழுந்தார், வேட்டியை ஒதுக்கிக்கொண்டு தரையில் மண்டியிட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்கு பூட்ஸில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து, வீட்டுச் சாவியின் முனையால் முடிச்சை நெம்பினார்.

"நல்ல மணமா இருக்கேப்பா! என்ன பாலிஷு?"

"மெழுகுங்க சார்" என்றார் கிளெமென்ட்.

முடிச்சு அவிழ்ந்து பூட்ஸ் கழன்றது. கால் தாம்பாளத்துக்கு மேலே நீண்டது. சாமி செம்பைச் சாய்க்கப் போன நேரத்தில், "செத்த இருங்க சாமி!" என்று கிளெமென்ட் சட்டென்று குனிந்து, தண்ணீர் தெறிக்காமல் பூட்ஸை எடுத்து மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.