செல்வி நகர்த்தாத சிப்பாய்

கும்பகோணம் டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக் கல்லூரிப் பெண் செல்போனில் செஸ் ஆடிக்கொண்டிருந்தாள். வெள்ளை ராணி பாய்ந்து வந்தது. அவள் ஒரு கறுப்புச் சிப்பாயைத் தள்ளி அதை விரட்டினாள்.

"நாலே மூவ்ல முடிக்கப் பாக்குறான் ஆன்ட்டி. இதைத் தடுக்கத் தெரியாதவங்க உண்டா?"

எனக்கு செல்வி ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் வயலில் வேலை பார்த்த அஞ்சலையின் மகள். கொல்லைவாசல் படியில் பலகையை விரிப்போம். நான் உள்ளே, அவள் வெளியே. பலகை எங்களுடையது, அதனால் வெள்ளை எப்போதும் எனக்குத்தான். என் வயதுதான் என்றாலும் என்னை 'வாங்க, போங்க' என்பாள். தினமும் நான் இதே மாதிரிதான் பாய்வேன். அவளும் இதே சிப்பாயைத் தள்ளி, "ராணியைக் காப்பாத்திக்குங்க" என்று சிரிப்பாள்.

அந்த வருஷம் கூலித் தகராறு. கொடி பிடித்தவர்களை அறுப்புக்குக் கூப்பிட முடியாது என்று அப்பா வெளியூர் ஆட்களை இறக்கிவிட்டார். ஒருநாள் நாங்கள் ஆடிக்கொண்டிருக்கும்போதே அஞ்சலை கொல்லையில் வந்து நின்று, "எங்களையும் கூப்பிடுங்கய்யா" என்று அப்பாவிடம் கெஞ்சினாள். செல்வி தன் அம்மாவையே பார்த்தாள். பிறகு சிப்பாய் மேல் வைத்த விரலை எடுத்துவிட்டு, ஓரத்தில் வேறெதையோ நகர்த்தினாள்.

"அப்பா, செல்வியை ஜெயிச்சுட்டேன்!"

அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "சரி சரி, காலையில அருவாளோட வந்து சேரு" என்றார் அஞ்சலையிடம்.

ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். செல்வி மறுக்கவே இல்லை.

"நீங்க ஆடுவீங்களா ஆன்ட்டி? ஜெயிச்சிருக்கீங்களா?"

"ஒரு தடவை."

"சூப்பர்!" என்றாள். என் ஸ்டாப் இன்னும் வரவில்லை. எழுந்து நின்றுகொண்டேன்.