நீர்வேலியிலிருந்து குருநகருக்கு: மாமா சாட்சி சொன்ன நாள்

1993 பங்குனியில் நானும் என் மாமனார் யாக்கோப்பும் நீர்வேலியிலிருந்து குருநகருக்குச் சைக்கிளில் போனோம். பருத்தித்துறை வீதியால் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர். அந்த வீதியில் சைக்கிளில் போகலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். நாங்கள் போன காரியம்தான் வேறு.

என் கணவர் அல்பிரட் 1990இல் மீன்பிடிக்கக் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அதே வருடம் ஷெல்லடியில் குருநகரை விட்டு நீர்வேலிக்கு வந்தோம். அங்கே, ஊர்காவற்றுறையிலிருந்து இடம்பெயர்ந்திருந்த அன்ரன் என்ற தச்சர் என்னைப் பெண் கேட்டார். மனைவியை இழந்தவர். அல்பிரட் இறந்துவிட்டார் என்று சாட்சிகள் பங்குச் சுவாமியாரிடம் சொன்னால்தான் கத்தோலிக்கக் கோயிலில் மறுமணம் நடக்கும். நான் மாமாவிடம் வாயே திறக்கவில்லை. அவர் மகன் வருவான் என்று இருந்தவர். ஆனால் யார் சொன்னார்களோ, ஒரு நாள் காலை அவரே வந்து நின்றார்.

"பிள்ளை, வெளிக்கிடு. சுவாமியாரிட்டைப் போட்டு வருவம்."

வாழ்நாளெல்லாம் கடலிலேயே கிடந்த மாமாவுக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. பெற்றோல் இல்லாத காலம், பஸ்ஸும் இல்லை. அவரைக் கரியரில் ஏற்றி நான் மிதித்தேன். வாழைத்தோட்டங்களில் பம்புக்கு மண்ணெண்ணெய் இல்லாமல் துலா மிதித்துக் கிணற்றுத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். கோப்பாய், இருபாலை தாண்டிக் கல்வியங்காட்டில் ஒரு வெறுந்தேத்தண்ணி குடித்தோம். நல்லூரில் ரியூசன் விட்டு வந்த பிள்ளைகள் வீதியை அடைத்தார்கள்.

குருநகரில் பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை. அல்பிரட்டோடு வள்ளத்தில் போய்த் தப்பி வந்த சேவியரைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனோம். மூன்று வருடமாக மாமா அவன் முகத்தில் முழிக்காமல் இருந்தவர். என்ன நடந்தது என்று கேட்டதேயில்லை. சுவாமியாரின் அறையில் அன்றுதான் கேட்டார்.

"நேவி சுட்டதிலை அவனுக்கு நெஞ்சிலை வெடி பட்டது, சுவாமி. பிடிச்சுக்கொண்டு நீந்தினன். மூச்சு நிண்டிட்டுது. பிறகு எனக்கும் ஏலாமப் போச்சு. கையை விட்டிட்டன்" என்றான் சேவியர்.

மாமா கேட்டார்: "ஏதும் கதைச்சவனோ?"

"ஓம் ஐயா. அப்பாட்டைப் போய்ச் சொல்லு எண்டவன். நான் வந்தனான். நீங்கள் கதவு திறக்கேல்லை."

சுவாமியார் மெதுவாகச் சொன்னார்: "நீங்களும் உங்கடை வாயாலை சொல்லவேணும் ஐயா. மகன் இறந்திட்டார் எண்டு நம்பிறியளோ?"

மாமா என்னைப் பார்த்தார். வேண்டாம், போவோம் என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. அதற்குள் அவர் சொல்லிவிட்டார்.

"என்ரை மகன் செத்திட்டான், சுவாமி. இந்தப் பிள்ளையை விடுங்கோ."

திரும்பும் வழியில் இருபாலைக்கு அப்பால் சைக்கிள் ஆடத் தொடங்கியது. வீதி நல்லாகத்தான் இருந்தது. கரியரில் அவர் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். நிறுத்தினேன். பூவரசு நிழலில் உட்கார்ந்து பரலோக மந்திரச் செபம் சொன்னார். உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக என்கிற வரியில் மூன்று வருடமாக வாயை மூடிக்கொள்கிறவர், அன்று அதைச் சத்தமாகச் சொன்னார். பிறகு, "அன்ரன் நல்ல பெடியன்" என்றார்.

ஆவணியில் கலியாணம் நடந்தது. மாமா எங்களோடேயே இருந்தார். கடற்கரைப் பக்கம் மட்டும் பிறகு போகவேயில்லை. விசுவாசம் துக்கத்தைத் தீர்க்கும் என்பார்கள். எங்களுக்குத் தீரவில்லை. துக்கத்தைச் சுமந்துகொண்டு புது வீட்டுக்குள் நுழையத்தான் விசுவாசம் பலம் தந்தது.

இப்போது போகிறவர்களுக்கு: பஸ்ஸில் குருநகரை ஒட்டிய பட்டினம் வரை அரை மணிதான். சைக்கிள் என்றால் வெயில் ஏறமுன் புறப்படுங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள். உடல் கிடைக்காத ஒருவருக்குச் சாட்சி சொல்ல யாரையாவது கூட்டிப்போவதானால், திரும்பும்போது அவசரப்படாதீர்கள். நிழல் கண்ட இடத்தில் அவர் உட்காரட்டும். நீங்கள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நில்லுங்கள்.